கைகள் பதினொன்று

பெர்கனில் மழை.
இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால்
வானிலையில் தொடங்குவது எங்கள் கதிர்ப்படச் சங்க வழக்கம்,
குறிப்பெழுதுகிறவள் நான்.

இரவுப்பணி முடித்து வந்த ஒரு கூட்டத்தில்
தூக்கக் கலக்கத்தில் தலையசைத்தேனாம்.
சம்மதம் என்று பதிந்துவிட்டார்கள்.
ஒரு சாவி, ஒரு காப்பிக் குடுவை,
பதினேழு குறிப்பேடுகள். செயலர் ஆனேன்.

கட்டடம் விலைபோகிறது, அலமாரியைக் காலிசெய் என்றார்கள்.
காலிசெய்ய உட்கார்ந்தவள் படிக்கத் தொடங்கிவிட்டேன்.

முதல் ஏட்டின் தோலட்டை ஈரத்தில் வீங்கியிருக்கிறது.
தொடங்கியவர்கள் ஒன்பது பேர்.
இரண்டு மருத்துவர், ஒரு புகைப்படக்காரர்,
மின்விளக்குக் கம்பெனியில் கம்பி இழுத்த ஒருவர்,
பெயரைப் பிழையாக எழுதி அடித்துத் திருத்திய ஒரு செவிலி.
நோக்கம்:
ஒருவர் கண்டதை மற்றவர் நம்பும்படி செய்தல்.
அடுத்த பதினாறு ஏட்டிலும்
இதைவிட நல்ல வரி எனக்குக் கிடைக்கவில்லை.

காப்பிச் செலவுத் தகராறு இரண்டு பக்கம்.
ஓர் உறுப்பினரின் சாவு ஒரு வரி.
கண்ணாடித் தகட்டை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது,
நோயாளியின் இடது நமக்கு இடதா வலதா,
இதற்கு மூன்று குளிர்காலம் சண்டை.
கோபித்து வெளியேறிய ஒருவர்
குடையை மறந்ததால் திரும்பி வந்தார்.
அதுவும் குறிப்பில் இருக்கிறது.
நேற்றிரவு ஒரு பையனின் முறிந்த மணிக்கட்டருகே
நான் வைத்த சின்ன ஈய எழுத்து
அந்தச் சண்டையின் மிச்சம்.

செயலர் ஹால்வார் மிக்ளபுஸ்ட்.
அவர் எழுத்து வலப்பக்கம் சாயும்,
காற்று வாங்கிய பாய் போல.

குழாயில் கதிர் வருகிறதா என்று அறிய
அன்று எல்லோரும் தம் கையையே குறுக்கே நீட்டினார்கள்,
தோசைக்கல் காய்ந்ததா என்று நீர் தெளிப்பதைப் போல.
எலும்பு தெரிந்தால் சரி, நோயாளியைக் கூப்பிடு.
நாளுக்கு நாற்பது முறை.

1924 மார்ச் வரை வலச்சாய்வு.
ஏப்ரலும் மேயும் வெற்றுத்தாள்.
ஜூனில் அதே பெயர், அதே மை.
எழுத்து மட்டும் இடப்பக்கம் சாய்ந்து
முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாய்க்
கோட்டைவிட்டு இறங்குகிறது.
ஏன் என்று எங்கும் இல்லை.
வானிலை: தெளிவு.

அந்தக் கூட்டத்தில்தான் தீர்மானம்.
இனி எவரும் தம் கையால் குழாயைச் சோதிக்கலாகாது.
முன்மொழிந்தவர் செவிலி சிக்னே ஓப்ஸ்டால்,
இந்த முறை பெயரில் பிழையில்லை.
எதிர்ப்பு: இல்லை.
ஆதரவு: கைகள் பதினொன்று.
அதற்குக் கீழே,
வாய்ச்சொல்லால் ஒன்று.

வந்தோர் பட்டியலை எண்ணினேன். பன்னிரண்டு பேர்.
மறுபடி எண்ணினேன்.
அப்புறம்தான் உறைத்தது.
இருந்த ஒரு கை எழுதிக்கொண்டிருந்தது.

நாற்பதாம் ஆண்டில் ஒரு தாளை யாரோ
பிளேடால் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.
எழுபதுகளில் ஒலியலைக் கருவி வந்தது,
சேர்ப்பதா வேண்டாமா என்று மறுபடி சண்டை.
என் சட்டையில் குத்திய கதிரளவி
மாதாமாதம் சுழி என்று சொல்கிறது.
பார்க்காமலே கையெழுத்திட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று மாலைக் கூட்டம் திரையில்.
படங்களை முதலில் மென்பொருள் படிக்கலாமா என்பது பொருள்.
படிக்கட்டும், நாம் பிறகு பார்ப்போம் என்றார் தலைவர்.
பிறகு என்றால் எத்தனை மணி என்றாள் இங்வில்.
கண்டது யார் என்று யார் கையெழுத்திடுவது என்றாள்.
நாற்பத்தாறு பேர். மைக்கை அணைக்காத ஒருவர் வீட்டில் நாய்.
வாக்கெடுப்பில் மூலைக்கு மூலை மஞ்சள் கை முளைத்தது,
எல்லாவற்றிலும் ஐந்து விரல்.
முடிவு: ஒத்திவைப்பு.
காப்பிச் செலவும் ஒத்திவைப்பு.

அவர்கள் போன பின்
பேனாவை இடக்கைக்கு மாற்றி
வானிலையை எழுதிப் பார்த்தேன்.
மழை.
ஒற்றைச் சொல். எவ்வளவு நேரம்.
அதுவும் கோட்டைவிட்டு இறங்கியது.